குறி சொன்னவளும் கேட்டவளும்

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

அத்தை எழுதுவது. சளி விட்டதா? ஈரத் தலையோடு ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று போன் பேசாதே என்று போன தடவையே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய், தெரியும்.

நேற்று உங்கப்பன் கூப்பிட்டான். பாப்பா ராத்திரி ரெண்டு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ டிராகன் புத்தகம் படிக்கிறாளாம், அதுவும் படித்ததையே திரும்பப் படிக்கிறாளாம், செமஸ்டர் என்ன ஆகுமோ என்று ஒரே புலம்பல். படித்ததையே எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை. எனக்கோ கேட்டதும் மனசு நிறைந்துபோயிற்று. நாலாவது, ஐந்தாவது தொகுதிகளை ஒருத்தி இரண்டாம் முறை எடுக்கிறாள் என்றால் அவள் வாசகியாகிவிட்டாள் என்று அர்த்தம். அதை அவனிடம் சொன்னேன். "நீ கெடுத்து வெச்ச பிள்ளைதானே அக்கா" என்று வைத்துவிட்டான்.

ஆனால் அடுத்து நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டதும் எனக்கே கொஞ்சம் கவலை வந்துவிட்டது. ராணி செர்சியின் கழுத்தை நெரிக்கப்போவது அவள் கூடப்பிறந்த டிரியனா ஜேமியா என்ற வழக்கில் உனக்கும் உன் அறைத்தோழிக்கும் பேச்சு நின்றுபோய், ஒரே கெட்டிலில் ஆளுக்கொரு முறை தண்ணீர் சுடவைத்துத் தனித்தனியாகக் காபி குடிக்கிறீர்களாமே! கதையின் வெஸ்டெரோஸ் நாட்டில் ஐந்து ராஜாக்கள் சண்டை போட்டது போதாதென்று ஹாஸ்டலில் இரண்டு ராணிகளா? அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

முதல் மூன்று தொகுதிகளை நீ விழுங்கிய வேகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 1996, 1998, 2000 என்று ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக வேகமாய்த்தான் கொடுத்தார். அதற்கடுத்து 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' வர 2005 ஆயிற்று. 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' 2011 ஜூலையில்தான் வந்தது. மூன்றாவதோடு கதையில் ஐந்து வருஷத்தைத் தாண்டிவிடலாம், பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று அவர் முதலில் நினைத்திருந்தார். எழுதிப் பார்த்தால் ஆர்யாவுக்குப் பொருந்திய இடைவெளி செர்சிக்கும் ஜானுக்கும் பொருந்தவில்லை. தலைநகரத்திலும் வடக்குச் சுவரிலும் ஐந்து வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எழுதியதை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார். புத்தகம் பெருத்துவிட்டது. காலத்தை வைத்து இரண்டாக வெட்டாமல் இடத்தையும் ஆட்களையும் வைத்து வெட்டினார். செர்சி, ஜேமி, பிரையன், சாம் எல்லாம் ஒரு பக்கம். ஜான், டனேரிஸ், டிரியன், தியான் இன்னொரு பக்கம். இரண்டு புத்தகத்திலும் பெரும்பாலும் ஒரே காலம்தான் ஓடுகிறது.

இவை இரண்டும் இழுவை, ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும் ஆட்கள் ஏராளம். நான் ஒப்ப மாட்டேன். முதல் மூன்றில் யார் ஜெயித்தார்கள் என்று வரும். இந்த இரண்டில்தான் ஜெயித்த பிறகு அரசாளுவது எவ்வளவு கஷ்டம், போர் போன பாதையில் இருந்த ஊர்கள் என்ன ஆயின என்பதெல்லாம் வரும். அதற்கு வேகம் ஆகாது, கண்ணு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் படிக்க வேண்டிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். சுவர்க் காவல் படைக்குத் தலைவனான ஜான் சாமைக் கூப்பிட்டு, நீ ஓல்ட்டவுனுக்குப் போய்ப் படித்து மேஸ்டர் ஆக வேண்டும், கைக்குழந்தைக்காரி கில்லியையும் கிழவர் ஏமனையும் கூட்டிப் போ என்கிறானே, அந்தச் சந்திப்பு இரண்டு புத்தகத்திலும் இருக்கிறது. நாலாவதில் சாமின் கண்ணால் பார்க்கிறோம்: நேற்று வரை நண்பனாயிருந்தவன் இன்று தளபதியாகி முகத்தை இறுக்கிக்கொண்டு உத்தரவு போடுகிறான். ஐந்தாவதில் ஜானின் உள்ளிருந்து பார்க்கிறோம். கில்லியின் குழந்தையை இங்கே விட்டுவிட்டு, சுவருக்கு அப்பாலிருந்த ராஜா மான்ஸுக்கும் இறந்துபோன டாலாவுக்கும் பிறந்த பிள்ளையை எடுத்துப் போகும்படி அவன் அவளை மிரட்டியிருக்கிறான். ராஜ ரத்தம் என்று நெருப்புப் பூசாரி மெலிசாண்ட்ரே அந்தப் பிள்ளையை நெருப்பில் போட்டுவிடுவாள் என்ற பயம். சாமுக்கு இது தெரியாது. கப்பலில் கில்லி ஓயாமல் அழுவது எதற்கென்று அவன் புரிந்துகொள்ளவே நாளாகிறது. முதல் வாசிப்பில் ஜான் மேல் நமக்கும் சாமைப் போலவே வருத்தம். இரண்டாம் வாசிப்பில் அதே வார்த்தைகளைப் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. ஒரே அறை, ஒரே பேச்சு, இரண்டு மனசு. உன் அறையிலும் அப்படி ஒரு பேச்சு நடந்திருக்கிறதே, அவள் பக்கத்து அத்தியாயத்தை நீ எப்போது படிக்கப்போகிறாய்?

சரி, உன் வழக்குக்கு வருகிறேன்.

செர்சி பத்து வயசுச் சிறுமியாக இருக்கும்போது லானிஸ்போர்ட்டில் ஒரு கூடாரத்துக்குள் போய்க் குறி கேட்கிறாள். மெகி என்ற கிழவி அவள் ரத்தத்தைச் சுவைத்துவிட்டுச் சொல்கிறாள். இளவரசனைக் கட்ட மாட்டாய், ராஜாவைக் கட்டுவாய். ராணியாக இருப்பாய், உன்னைவிட இளையவளும் அழகியுமான ஒருத்தி வந்து உன்னைத் தள்ளி, உனக்குப் பிரியமானதையெல்லாம் பறிக்கும் வரை. உன் மூன்று பிள்ளைகளுக்கும் கிரீடமும் உண்டு, சவத்துணியும் உண்டு. கடைசியில் தம்பி ஒருவனின் கை உன் கழுத்தில் விழும். தம்பி என்றதும் அவள் டிரியன் என்று முடிவு கட்டிவிட்டாள். ஜேமியும் அவளுக்குப் பின்னால்தான் பிறந்தவன், அவள் குதிகாலைப் பிடித்துக்கொண்டே வந்தவன் என்பது அவள் நினைவுக்கே வரவில்லை. இந்தக் கதையை எடுத்த தொலைக்காட்சித் தொடரில் குறி கேட்கும் காட்சி உண்டு, இந்தத் தம்பி சமாச்சாரம் மட்டும் கிடையாது. அதனால் தொடரின் முடிவைக் காட்டி இந்த வழக்கில் தீர்ப்பு வாங்க முடியாது. உன் தோழி ஜேமி என்கிறாள், நீ டிரியன் என்கிறாய். என்னைக் கேட்டால் கதைக்கு ஜேமிதான் அதிகம் பொருந்துகிறான். கோபித்துக்கொள்ளாதே, சாமி.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சிறுமி குறி கேட்டபின் என்ன ஆனாள் என்பது. நாலாவது தொகுதியில் அவள் அத்தியாயங்களை வரிசையாக எடுத்துப் பார். இளையவள் வந்து தள்ளுவாள் என்ற பயத்தில் மருமகள் மார்ஜரியைக் கவிழ்க்கப் பள்ளம் தோண்டுகிறாள். அதற்கு ஆள் வேண்டுமே. புது மதகுருவைக் கையில் போட்டுக்கொள்ளவும், அரண்மனை மதத்துக்குத் தரவேண்டியிருந்த ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பொற்காசுக் கடனைக் கழிக்கவும், பழைய ராஜாக்கள் பறித்து வைத்திருந்த ஆயுதத்தை மதப் படைக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். ஆஸ்னி என்பவனை ஏவி மார்ஜரி மேல் பொய்ச் சாட்சி சொல்லவைக்கிறாள். சாட்டை முதுகில் விழுந்ததும் அவன் உண்மையைக் கக்கிவிடுகிறான். அவள் ஆயுதம் கொடுத்த அதே கைகள் அவளைப் பிடித்து அடைக்கின்றன. ஐந்தாவதில் மொட்டையடித்து உடுப்பில்லாமல் ஊர் நடுவே நடக்கவிடுகிறார்கள். மார்ஜரி ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. தன்னைத் தள்ளுவதற்கு வேண்டிய ஒவ்வொரு ஆளையும் செர்சியே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கூடாரத்துக்குக் கூட வந்த மெலாரா என்ற சின்னப் பெண்ணை நினைவிருக்கிறதா? இதைப் பற்றி நாம் பேசாமலே இருந்துவிட்டால் இது நடக்காது என்று அவள்தான் சொன்னாள். எவ்வளவு பிள்ளைத்தனமான பேச்சு, எவ்வளவு அழகான பேச்சு! அவள் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். எப்படி விழுந்தாள் என்று செர்சி நினைத்துப் பார்க்கிற விதமே சரியில்லை. முதல் வாசிப்பில் நீ மெலாராவைக் கவனித்திருக்கவே மாட்டாய். இந்தக் குறியால் முதன்முதலாகச் செத்தவள் யார் என்று நினைத்தால் எனக்கு அவள் முகம்தான் வருகிறது.

இதே மாதிரி ஒரு தம்பிக் குறி நம்மிடமும் இருக்கிறதே. சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன் இளையவனைப் பார்த்து, அரசாளும் இலக்கணம் உனக்குத்தான் இருக்கிறது என்று சொன்னான். அண்ணன் செங்குட்டுவன் மனம் வாடக் கூடாதென்று தம்பி அந்தக் கணமே துறவு பூண்டார் என்று சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறது. இளங்கோ பட்டத்தில் உட்காரவில்லை, நமக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. நிமித்திகன் பொய் சொன்னானா, கணக்குப் பிசகியதா என்று நாம் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்ட பிள்ளை என்ன செய்தான் என்பதைத்தான் பேசுகிறோம். செர்சியையும் இளங்கோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மார்ட்டின் இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தார் என்று நீ கேட்டிருந்தாய். இங்கிலாந்தின் ரோஜாப் போர்களிலிருந்து நிறைய எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் போர்களின் முதல் சண்டை 1455இல் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நடந்தது. எட்மண்ட் போஃபோர்ட் என்ற சாமர்செட் பிரபு அங்கே செத்தார். கோட்டைகளை அண்டாதே என்று அவருக்குக் குறி சொல்லியிருந்தார்களாம். கோட்டைகளையெல்லாம் தவிர்த்துத் தவிர்த்து வாழ்ந்தவர், கோட்டைப் படம் தீட்டிய பலகை தொங்கிய ஒரு சத்திரத்து வாசலில் வெட்டுப்பட்டு விழுந்தார் என்பது கதை. ஷேக்ஸ்பியர் ஆறாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் இதை வைத்திருக்கிறார். நேரம் கிடைக்கும்போது தேடிப் படி.

இன்னொன்று உன் கண்ணில் பட்டதோ என்னவோ. ஐந்தாவது தொகுதியில் கிழட்டு வீரர் பாரிஸ்டன் டனேரிஸிடம் அவள் தாய் தகப்பன் கல்யாணக் கதையைச் சொல்கிறாரே. காட்டுச் சூனியக்காரி ஒருத்தி, இந்த இருவரின் வம்சத்தில்தான் உலகைக் காக்க வாக்களிக்கப்பட்டவன் பிறப்பான் என்று சொல்லிவிட்டாள். உடனே ஏரிஸையும் ரேல்லாவையும் கட்டிவைத்துவிட்டார்கள். அவர்களுக்குள் பிரியம் இருந்ததா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ரேல்லா வேறொருவனிடம் மனசு வைத்திருந்தாள் என்றும் பாரிஸ்டன் சொல்கிறார். பிறகு அந்த வீட்டில் அவள் பட்டதை ஜேமியின் நினைவாக நாலாவது தொகுதியில் படிக்கிறோம். வாக்களிக்கப்பட்டவன் யார், ஜானா டனேரிஸா என்று வாசகர்கள் மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த ஒரு வாக்குக்காக ஒரு பெண்ணின் ஆயுசையே கொடுத்தார்களே, அதை யார் பேசுகிறோம்?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு வேகம் வருகிறது என்று உனக்குத் தெரியும். நீ மூல நட்சத்திரத்தில் பிறந்தவள். நீ பிறந்த வாரத்திலேயே சொந்தத்தில் ஒருவர் வந்து, பெண் மூலம் ஆகாது, போகிற வீட்டுக்கு ஆகாது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார். உங்கம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். உன் காதில் படாமல்தான் வளர்த்தோம். ஆனாலும் எட்டாவது படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் கேட்டுவிட்டு வந்து, "அத்தை, என்னால யாருக்காவது ஆகாதா?" என்று கேட்டாய். அன்றைக்கு ராத்திரி உன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். உனக்கு வரன் பார்க்கும் பேச்சு என்றைக்கு வந்தாலும் அந்தப் பேச்சு மறுபடி தலைதூக்கும். அப்போது நீ தலை குனியக் கூடாது. யாரோ சொன்ன வாக்கை நீ உன் சொந்தக் குரலில் உனக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பிக்கக் கூடாது. செர்சிக்கு நடந்தது அதுதான். மெகி சொன்னது ஒரு தடவை, அப்புறம் ஆயுசுக்கும் அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி உனக்கு ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன். இதைச் செய்தே ஆக வேண்டும். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள். இடது பக்கத்தில் புத்தகம் என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் எழுது, தொகுதி, அத்தியாயத்தோடு. வலது பக்கத்தில் நீ நினைப்பதை எழுது. பென்சிலால் எழுது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

இதன் அருமை மெலிசாண்ட்ரேயைப் படித்தால் தெரியும். ஐந்து தொகுதிகளிலும் அவள் மனசுக்குள் நாம் நுழைவது ஒரே ஒரு அத்தியாயத்தில்தான், ஐந்தாவதில். நெருப்புக்குள் பார்க்கிறாள். மறுபடி பிறக்கப்போகும் வீரன் அஸோர் அஹாயைக் காட்டு என்று வேண்டுகிறாள். நெருப்பு ஜான் ஸ்நோவையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அவளோ தன் ராஜா ஸ்டானிஸ்தான் அவன் என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டவள், அதனால் கண்ணெதிரே இருப்பது தெரியவில்லை. சாகக் கிடக்கும் குதிரை மேல் சாம்பல் நிற உடுப்பில் ஒரு பெண் கல்யாணத்துக்குத் தப்பி ஓடி வருவதைப் பார்க்கிறாள். அதுவரை இடது பக்கம். உன் தங்கை ஆர்யா வருகிறாள் என்று ஜானிடம் சொல்கிறாளே, அது வலது பக்கம். வந்து சேர்ந்தது ஆலிஸ் கார்ஸ்டார்க்.

அந்த ஒரு கலப்படம் எங்கே கொண்டுபோய் விட்டது பார். தங்கையை மீட்க ஜான் மான்ஸை அனுப்புகிறான். மான்ஸ் வின்டர்ஃபெல்லுக்குள் நுழைகிறான். அந்தக் கோட்டையைப் பிடித்து வைத்திருக்கும் ராம்ஸே பேரில் அங்கிருந்து ஜானுக்குக் கடிதம் வருகிறது. அதைச் சபையில் படித்துவிட்டு, நானே தெற்கே போகிறேன் என்கிறான் ஜான். அவன் ஆட்களின் கத்தியே அவன் மேல் இறங்குகிறது. இருட்டில் கத்திகள் இருக்கின்றன, உன் ஓநாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள் என்று மெலிசாண்ட்ரே எச்சரித்தது சரியாகத்தான் இருந்தது. தங்கை விஷயத்தில் தவறியவள் பேச்சை அவன் அதற்குமேல் நம்பவில்லை. ஒன்றைத் தப்பாக வாசித்ததால் சரியாகச் சொன்னதற்கும் மதிப்புப் போய்விட்டது. நாளைக்கு நீ ஒரு ஆபீசில் உட்காரும்போதும், யாரைப் பற்றியோ யாரோ வந்து உன்னிடம் சொல்லும்போதும், இந்த நோட்டு உன் மனசுக்குள் இருக்க வேண்டும்.

டனேரிஸைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முகமூடி போட்ட மந்திரக்காரி குவெய்த் வந்து வரிசையாக ஆட்களைச் சொல்லி யாரையும் நம்பாதே என்கிறாள். வாசனை பூசிய காரியஸ்தனிடம் ஜாக்கிரதை என்கிறாள். டனேரிஸ் உடனே அத்தர் மணக்கும் தன் காரியஸ்தன் ரெஸ்னாக்கைச் சந்தேகிக்கிறாள். ஆனால் டிரியன் அத்தியாயங்களில் அவன் ஏறி வரும் கப்பலின் பேரைப் பார்த்தாயா? செலசோரி கோரன் என்பதன் அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான்! இதை இரண்டாம் முறை படிக்கும்போது கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கலாம். (உங்கப்பனிடம் சொல்லாதே. ரெண்டு மணி வேண்டாம்.)

ஆனால் டனேரிஸின் சுபாவத்தில் அந்த வாக்குகள் என்ன செய்தன என்றும் பார். மூன்று துரோகம் வரும் என்று கேட்டதிலிருந்து அவள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். இது முதலாவதா, அது இரண்டாவதா, இவன் எந்தக் கணக்கு? சூரியனின் மகன் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டதால், சூரியக் கொடி வம்சத்திலிருந்து பாதி உலகம் கடந்து வந்த குவென்டின் என்ற பரிதாபப் பையனை அவள் ஒரு மனுஷனாகப் பார்க்கவே நேரமில்லாமல் போயிற்று. அவன் டிராகனைப் பழக்கப் போய் வெந்து, மூன்று நாள் கிடந்து செத்தான். நண்பர்களை எண்ணத் தொடங்கினால் அப்படித்தான். உன் தோழி போன மாசம் என்ன சொன்னாள், அதற்கு முன் என்ன சொன்னாள் என்று அந்தப் பதிவில் நீயும் வரிசையாக எண்ணியிருந்தாய், கண்ணு. கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் சில பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் தொடாமல் வினாத்தாளுக்கு விடைக்குறிப்பு மட்டும் தேடுவார்கள். குறிகளை மட்டும் வேட்டையாடுகிற வாசகர்களும் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் தாண்டிப் போகிற பக்கங்களில்தான் இந்தப் புத்தகங்களின் உயிர் இருக்கிறது.

நாலாவதில் சான்சாவைத் தேடி அலையும் பிரையனோடு செப்டன் மெரிபால்ட் வருகிறாரே, அந்தப் பகுதியை ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்விட்டுப் படி. செருப்பில்லாத கால், ஒரு கழுதை, நாய் என்றே பேர் வைத்த ஒரு நாய், வழியில் ஏழைபாழைகளுக்குக் கொடுக்க ஆரஞ்சுப் பழங்கள். படையை விட்டு ஓடி உருக்குலைந்துபோனவர்களும் கொள்ளைக்காரர்களும் ஒன்றா என்று பிரையனோடு வரும் பையன் பாட்ரிக் கேட்கிறான். ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறாள் பிரையன். மெரிபால்ட் மறுத்துவிட்டு மெல்லப் பேசத் தொடங்குகிறார். ஊரை விட்டு முதல்முதலாக வெளியே வந்த ஒரு குடியானவப் பையன், போர் அவனுக்கு என்ன செய்கிறது, எந்த நாளில் அவன் உடைகிறான் என்று. கடைசியில்தான் தெரிகிறது, அவரே பாட்ரிக் வயசில் ஒன்பது காசு ராஜாக்கள் போருக்குப் போனவர். கூடப் போன சகோதரர்கள் யாரும் திரும்பவில்லை. அங்கே குறியும் இல்லை, டிராகனும் இல்லை. ஐந்து தொகுதியிலும் எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் அவை. மார்ட்டின் என்ற மனுஷர் எதற்காக இந்தக் கதையைச் சொல்கிறார் என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கங்களைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதைத் தாண்டி அமைதித் தீவுக்குப் போகும்போது, அங்கே நொண்டி நொண்டிக் குழி வெட்டும் அந்த ஆஜானுபாகுவான துறவியை மெரிபால்டின் நாய் என்ன செய்கிறது என்று கவனி. அதற்குமேல் சொல்ல மாட்டேன். நோட்டில் எழுது.

வாதம் பண்ணாதே என்று நான் சொல்லவே இல்லை. வாதம் பண்ணு. ஆனால் அவள் சொன்னதை அவள் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் நீ திருப்பிச் சொல், அப்புறம் மறு. புத்தகத்தைப் புரட்டாமல் "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று அடித்துப் பேசாதே. தொடரையும் புத்தகத்தையும் கலக்காதே. கீழ் அறைப் பெண் இரண்டாவது தொகுதியில் இருக்கிறாள் என்றாயே, அவள் முன்னால் வாயைத் திறக்காதே. அவளுக்கு வரவேண்டிய அதிர்ச்சியும் அழுகையும் அவளுடைய சொத்து. அவை தானாக அவளிடம் வந்து சேரும்வரை பொறுத்திரு. பசியோடு வாதம் செய்யாதே, உனக்குப் பசி வந்தால் நியாயம் தெரியாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஊகம் பலிப்பதும் உண்டு. ஜானின் தாய் தகப்பன் யாரென்று முதல் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டே வாசகர்கள் ஊகித்துவிட்டார்கள். தொடர் எடுக்க அனுமதி கேட்டு வந்த இருவரிடம் மார்ட்டின் கேட்ட கேள்வியும் ஜானின் தாய் யார் என்பதுதான். 2016இல் தொடர் அதை உறுதி செய்தது. அதனால் முதல் தொகுதியில் ஜானைத் தன் மகனென்று வளர்த்த நெட் ஸ்டார்க் காக்கிற மௌனத்தின் எடை குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. விடை தெரிந்த பிறகுதான் அந்த மௌனம் அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

ஆறாவது தொகுதி எப்போது வரும் என்று அந்த மனுஷரைத் திட்டுகிறார்கள். 1948இல் பிறந்தவர் என்று வயசைக் கணக்குப் போட்டு, கேட்கவே கூசும்படி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீ ஒருநாளும் சேராதே. நமக்கு இவ்வளவு கொடுத்தவர் அவர். வந்தால் இருவரும் ஒரே வாரத்தில் படிப்போம். வராவிட்டாலும் இருக்கிற ஐந்தை வைத்துக்கொண்டு பேச எனக்கு ஆயுசு போதாது.

பொங்கலுக்கு வரும்போது நாலாவதையும் ஐந்தாவதையும் எடுத்துக்கொண்டு வா. உன் தோழிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை என்றாயே, அவளையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு ஒப்பிட்டு, அதுதான் போளி, சுட்டுத் தருகிறேன். காய்ந்த நெல்லிக்காயும் எடுத்து வைத்திருக்கிறேன், சளிக்கு நல்லது.

வருவதற்குள் இதற்கு ஒரு மறுப்பு தயார் செய்துகொள். செர்சியைத் தள்ளி அவளுக்குப் பிரியமானதைப் பறிக்கப்போகும் இளையவள் மார்ஜரியா, டனேரிஸா, சான்சாவா என்று மூன்று பேரைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். நான் பிரையன் என்கிறேன். சிரிக்காதே. மெகி 'ராணி' வருவாள் என்று சொல்லவில்லை, 'ஒருத்தி' என்றுதான் சொன்னாள். அழகி என்று ஊரெல்லாம் கேலியாய்க் கூப்பிடுவது பிரையனைத்தான். செர்சிக்குப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிரியமானது எது? ஜேமி. நாலாவது தொகுதி முடிவில் என்னைக் காப்பாற்ற வா என்று அவள் எழுதிய கடிதத்தை அவன் நெருப்பில் போடச் சொல்லிவிட்டான். ஐந்தாவதில் பிரையன் வந்து கூப்பிட்டதும் எழுந்து அவள் பின்னால் போய்விட்டான். எல்லாம் இடது பக்கத்தில் எழுதக்கூடியவை, அத்தியாயம் பார்த்துக்கொள். தோழியோடு சேர்ந்து உட்கார்ந்து ஓட்டை இருந்தால் கண்டுபிடியுங்கள்.

அன்புடன்,
உன் அத்தை